நல்ல காற்று அடித்த வருஷம்

காற்றளவை முகாம்
பிப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நலம்தானே? உன் கடையில் பழுதான குளிர்பெட்டிகள் இன்னும் வாசல்வரை வரிசை கட்டி நிற்கின்றனவா?

உன் அக்காவை விட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேனே என்று நினைக்காதே. அவளுக்கும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். டிசம்பர் கடிதத்துக்கும் பதில் இல்லை, ஜனவரி கடிதத்துக்கும் இல்லை. இங்கே செல்ஃபோன் கோபுரம் கிடையாது. இருக்கிற ஒரே சாட்டிலைட் ஃபோன் அலுவலகப் பேச்சுக்கு மட்டும். தண்ணீர் லாரி வரும் நாளில்தான் தபாலும் வரும். லாரிக்காரர் தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார். "சார், உங்களுக்கு இன்னிக்கும் வெறும் தண்ணிதான்" என்கிறார். அவர் சிரிப்பதற்காகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அத்தானுக்குக் காற்றை எண்ணுகிற உத்தியோகம் என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பது தெரியும். பெரிய தப்பில்லை. மணல்வெளியின் நடுவில் ஒரு உயரமான இரும்புக் கம்பம், நாலு பக்கமும் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறோம். மேலே கிண்ணம் கிண்ணமாகச் சுற்றும் கருவிகள். காற்றின் வேகமும் திசையும் ராப்பகலாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஒரு முழு வருஷம் அளந்துவிட்டு, இங்கே காற்றாலைகள் வைத்தால் தேறுமா தேறாதா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். போன ஜூனில் தொடங்கினோம்.

நன்றாகவே அடிக்கிறது. தேறிவிட்டால் இந்த நிலையத்துக்கு என்னையே பொறுப்பாகப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அறை, சமையலறை, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி என்று குடும்ப வீடு கட்டித் தருவார்கள். பன்னிரண்டு வருஷமாக முகாம் முகாமாக அலைந்தாயிற்று. இனி அவளை அழைத்துவந்து ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். இதை நீயே அவளிடம் சொல். நான் சொன்னால், போன தடவையும் இதைத்தானே சொன்னீர்கள் என்பாள்.

அன்புடன்,
உன் அத்தான்


ஊர்
மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போடாமல் வெளியே போக வேண்டாம்.

என் கடையைக் கேட்டீர்கள். மின்சாரம் போனாலும் எனக்கு வேலை, வந்தாலும் வேலை. போகும்போது பெட்டிக்குள் இருப்பது கெட்டுப்போகிறது. குதித்து வரும்போது பெட்டியே கெட்டுப்போகிறது. நேற்று ஒரு அம்மா வந்து, "தம்பி, வெளிய வெச்ச பால் நல்லா இருக்கு, உள்ள வெச்சதுதான் திரிஞ்சு போச்சு" என்று சண்டை பிடித்தார். உங்கள் காற்றிலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

அக்கா நலம். பள்ளியில் தேர்வு வேலை, அதனால்தான் எழுதவில்லை. உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். குடும்ப வீடு என்ற இடம் வந்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்க பள்ளிக்கூடம் இருக்கான்னு கேளு."

கேட்டுவிட்டேன். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். காலையில் அவள் கிளம்பும் அவசரத்தில் வேறு எதுவும் பேச முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


காற்றளவை முகாம்
ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அவள் கேள்வி கேட்டாள் என்றாலே பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கணக்கு டீச்சரல்லவா, பிடிக்காத கணக்கைக் கையிலேயே எடுக்க மாட்டாள்.

பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்துக் குடியிருப்பே லாரியில் அரை நாள் தூரம். ஆனால் அவள் இனி வேலைக்குப் போய் என்ன ஆகப் போகிறது? இத்தனை வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள், கொஞ்சம் உட்காரட்டுமே. ஜன்னல்கள் வடக்குப் பார்த்து இருக்கும், வெயில் நேராக விழாது என்று சொல்.

போன வாரம் மணற்புயல். இரண்டு நாள் முகாமைவிட்டு வெளியே வர முடியவில்லை. தட்டில் மணல், படுக்கையில் மணல், பல்லுக்கிடையில் மணல். புயல் அடங்கியதும் மேல் கருவி ஒன்று முனகியது. அது சுழலும் அச்சின் உருளைக்குள் தூசி புகுந்துவிட்டது. என்னோடு இருக்கிற கம்பம் ஏறும் ஆள் அதை மாற்றினார். அவரை எல்லோரும் 'ஒட்டகம்' என்பார்கள். உயரமும் அப்படி, தண்ணீர் கேட்காமல் வேலை செய்வதும் அப்படி. கீழே இறங்கியதும், "சார், உங்க வீட்டம்மா வந்தா இந்த இடம் புடிக்குமா?" என்று கேட்டார். பழகிவிடும் என்றேன். "எனக்கு இன்னும் பழகலியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். காலையில் அவள் கிளம்பும் அவசரம் என்று எழுதியிருந்தாய். அவள் பள்ளிக்கு நம் வீட்டிலிருந்துதானே கிளம்புகிறாள்? அது உனக்கு எப்படித் தெரியும்?

அன்புடன்,
உன் அத்தான்


ஊர்
மே 27

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கடும் வெயில். கடையில் மூச்சுவிட நேரமில்லை. வீட்டில் விசிறி சுற்றுகிற நேரத்தைவிடச் சும்மா தொங்குகிற நேரம்தான் அதிகம்.

அக்கா நலம். பள்ளிக்கூடம் இல்லை என்று சொன்னேன். "சரி" என்றாள். வடக்கு ஜன்னலையும் சொன்னேன். அதற்கும் "சரி" என்றாள்.

பிள்ளைகள் உங்களைக் கேட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


காற்றளவை முகாம்
ஜூன் 30

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

வருஷம் முடிந்துவிட்டது. அளந்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தால், நான் இதுவரை பார்த்த எந்த இடத்திலும் இப்படி ஒரு காற்று இல்லை. மேலதிகாரியே கிளம்பி வந்தார். அவருக்கு முகாமில் 'பெரிய விசிறி' என்று பெயர். எங்கே போனாலும் மேஜை விசிறியைக் கூடவே தூக்கி வருவார். என் முதுகில் தட்டி, "இனிமே இது உங்க ஊருய்யா" என்றார். வீடு கட்டும் இடத்தைக்கூடக் காட்டினார். நானும் அவரோடு நின்று, சமையலறை எங்கே வரும் என்று செருப்பால் மணலில் கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு இன்னொரு வேலை பாக்கி. ஒரு வருஷக் காற்றை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாது. மழை மாதிரிதான், ஒரு வருஷம் கொட்டும், ஒரு வருஷம் ஏய்க்கும். அதனால் பக்கத்து விமானத்தளத்தின் வானிலை நிலையத்தில் இருபது வருஷமாக எடுத்துவைத்த தரவை வாங்கி, நம் வருஷம் எப்படிப்பட்டது என்று ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டேன்.

மச்சான், நாங்கள் அளந்ததுதான் அந்த இருபதிலேயே நல்ல வருஷம். மற்ற வருஷங்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் காற்று பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் காற்று அவ்வளவு குறைந்தால் மின்சாரம் கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும். அதன் கணக்கு அப்படி. கால்வாசி போனால் இந்த இடம் தேறாது.

அந்த நிலையத்தின் கருவியில் ஏதாவது கோளாறு இருக்கலாம். பக்கத்தில் கட்டடம் எழும்பினாலோ மரம் வளர்ந்தாலோ காற்றை மறைத்து, அளவு குறைவாகக் காட்டும். நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உன் அத்தான்


காற்றளவை முகாம்
ஜூலை 19

அன்புள்ள மச்சானுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விமானத்தளத்துக்குப் போய்வந்தேன். வழி முழுக்க ஒரு சுவர் வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். ஒரு கிடங்கு, ஒரு வரிசை மரம், எதுவாக இருந்தாலும் சரி. அங்கே இருந்த வானிலைக்காரர் கருவிக்கு அழைத்துப் போனார். அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன்.

"என்ன சார் தேடுறீங்க?"

"பக்கத்துல சுவர் கிவர் இருக்கான்னு பார்த்தேன்."

"சுவரா? நிழல் வேணும்னா இங்க நாங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் நிக்கிறோம்."

கண்ணுக்கு எட்டின தூரம்வரை வெட்டவெளி. கருவியைக் காலாகாலத்தில் மாற்றி, சரிபார்த்து, துடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் தேநீர் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்?

திரும்பி வந்து பெரிய விசிறியிடம் ஃபோனில் சொன்னேன்.

"இருபது வருஷம் எதுக்குய்யா? பழசெல்லாம் பழைய கருவி. கடைசி நாலு வருஷத்தை மட்டும் எடுத்துக்குங்க. அதுல நல்லாத்தானே இருக்கு?"

"பழைய கருவியும் சரியாத்தான் சார் இருந்திருக்கு."

"சரியா இருந்தா என்ன, பழசுன்னு எழுதினா யாரு கேக்கப் போறா? நீங்க இன்னும் எவ்வளவு நாள் கூடாரத்துல படுப்பீங்க? யோசிங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவரும் களைத்துப்போனவர்தான். நாலு வருஷத்தை மட்டும் எடுத்தால் எல்லாம் தேறுகிறது. இரண்டு அறிக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். எதையும் அனுப்பவில்லை. இந்த வயதில் இன்னொரு முகாமுக்குப் போய்க் கம்பம் நட என் முதுகு இடம் கொடுக்காது. அவளுக்கும் ஒரு வீடு என்று சொல்லியாகிவிட்டது. இதை இப்போது அவளிடம் சொல். என்ன சொல்கிறாள் என்று உடனே எழுது.

உன் அத்தான்


காற்றளவை முகாம்
ஆகஸ்ட் 16

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்.

லாரி மூன்று தடவை வந்து போய்விட்டது. உன் பதில் வரவில்லை. காத்திருந்து பார்த்தேன்.

அறிக்கையை அனுப்பிவிட்டேன். இருபது வருஷக் கணக்குத்தான். பெரிய மனிதத்தனம் ஒன்றும் இல்லை. முதலில் அந்த நாலு வருஷ அறிக்கையைத்தான் உறையில் போட்டு, ஒட்டி, லாரிக்காரர் கையில் கொடுத்தும்விட்டேன். அவர், "என்ன சார், வீட்டுக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வந்தது. காற்று ஏய்த்த வருஷத்தில் காற்றாலை இறக்கைகள் சும்மா நிற்கும். ஊரில் உன் விசிறியும் சும்மா தொங்கும். நான் அவளோடு அந்த வடக்கு ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இனி வீடு இல்லை. அவளிடம் எப்படிச் சொல்வாயோ, சொல்லிவிடு. எனக்கு நிறையத் தூக்கம் வருகிறது.

உன் அத்தான்


ஊர்
செப்டம்பர் 5

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. நீங்கள் அறிக்கையை அனுப்பிவிட்டதாக எழுதும்வரை போடக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

ஏப்ரலில் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில். அக்கா ஜனவரியிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு குடை, பள்ளிக்கூடப் பை, அவ்வளவுதான். சண்டை இல்லை, நோய் இல்லை. நானும் பயந்துபோய்க் கேட்டேன்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடா. பன்னெண்டு வருஷமா ஒண்ணுமே ஆகல. அதான்."

உங்களுக்கு எழுத வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளமாகத் திண்டாடினேன்.

உங்கள் ஜூலைக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நீதான் அந்த வீட்டுக்குப் போகப் போறதில்லையே. அதை ஒரு வரி எழுதிப் போட்டா அவர் நிம்மதியா உண்மையை எழுதிடுவாரு" என்றேன்.

"எழுதாதே."

"ஏன்க்கா? மனுஷன் தவிக்கிறாரு."

"நான் வரமாட்டேன்னு தெரிஞ்சு உண்மையை எழுதினா, அது எனக்காக எழுதினது. வருவேன்னு நினைச்சுப் பொய் எழுதினா, அதுவும் எனக்காக எழுதினது. ரெண்டுக்கும் நான்தான் காரணமா? அவர் வேலை. அவரே எழுதட்டும்."

"பொய்யை எழுதிட்டாருன்னா?"

பிள்ளைகளின் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அந்த வீட்டுல அவரே இருக்கட்டும்."

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு அறைக்குள் போனாள். அழுதாளா என்று தெரியாது, கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்து, "இனிமே எனக்கு வர்ற கடிதத்தை நானே பிரிச்சுக்கறேன்" என்றாள். நீங்கள் அவளுக்கே எழுதுங்கள் அத்தான். நான் குளிர்பெட்டிக்காரன். எனக்கு இந்தச் சூட்டைத் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


காற்றளவை முகாம்
செப்டம்பர் 24

உனக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மச்சான் எழுதியதெல்லாம் படித்தேன். அவன்மேல் வருத்தம் இல்லை.

அறிக்கை போன பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு மாதம் பேச்சே இல்லை. பிறகு, கம்பத்தை இறக்கு என்று ஒற்றை வரி உத்தரவு. போன வாரம் இறக்கினோம். ஏற்றுவதைவிட இறக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தில் பிடித்து இழுத்து, மெல்லச் சாய்க்க வேண்டும். ஒட்டகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, அதுக்கும் வயசாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மணலில் படுத்ததும் எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.

கடலோரப் பாலை ஒன்றில் இன்னொரு இடம் தருகிறேன் என்கிறார்கள். அங்கே காற்று நிச்சயம் என்கிறார்கள். அங்கும் வீடு உண்டு. பள்ளிக்கூடம் உண்டா என்று விசாரிக்கிறேன். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.


ஊர்
அக்டோபர் 12

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. இத்தனை வருஷமும் நீங்கள் நலமா என்று கேட்டீர்கள், நான் நலம் என்று எழுதினேன். போன டிசம்பரில் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு சொல் வரவில்லை. நலமில்லை என்று எழுதலாமென்றால் எனக்கு ஒரு வியாதியும் இல்லை. வேறு சொல்லும் கிடைக்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரியில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து வீட்டைத் திறந்தேன். காலையில் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன டம்ளர் அதே இடத்தில் இருந்தது. வேறு எங்கே இருக்கும், சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், உள்ளே போகக் கால் வரவில்லை. பூட்டிவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தேன். இங்கே பிள்ளைகள் எதையும் வைத்த இடத்தில் விடுவதில்லை. என் மூக்குக்கண்ணாடியை நேற்று அரிசி டப்பாவில் கண்டுபிடித்தேன்.

நல்ல வருஷங்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் உங்கள் அதிகாரி. நீங்கள் மாட்டேன் என்றீர்கள். அதைப் படித்தபோது எனக்கு உங்களை ரொம்பப் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் விஷயத்தில் நீங்கள் அப்படிச் செய்ததில்லை. விடுமுறைக்கு வந்துபோன நாட்களை வைத்துத்தான் நாம் நன்றாக இருக்கிறோம் என்று கணக்குப் போட்டீர்கள். இல்லாத நாட்களை நான் ஒருத்தியே எண்ணினேன்.

இப்போது நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். ஒவ்வொரு முகாமுக்கும் இப்படித்தான் கேட்டீர்கள். நான் போங்கள் என்றேன். பிறகு நீ சொல்லித்தானே போனேன் என்றீர்கள். இந்த முறை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மணல்வெளியில் காற்று தேறி, நான் அங்கே வராமலும் இருந்திருந்தால், நீங்கள் ஊருக்கு வந்திருப்பீர்களா? அழகாக எழுத வேண்டாம். உள்ளதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்


காற்றளவை முகாம்
நவம்பர் 3

அன்புள்ள உனக்கு,

வந்திருக்க மாட்டேன்.

உன்னை இங்கே வரச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்திருப்பேன். நீ வராவிட்டால் உன்மேல் குறைப்பட்டுக்கொண்டு, வடக்கு ஜன்னலைத் துடைத்துக்கொண்டு, இங்கேயே இருந்திருப்பேன். உள்ளது இதுதான்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு கடலோர இடத்தின் தரவைக் கேட்டு வாங்கினேன். முழுவதும் பார்த்தேன். நல்ல வருஷம், கெட்ட வருஷம் எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். அருமையான காற்று. ஒரு குறையும் இல்லை. என் வாழ்நாளில் கையெழுத்துப் போட ஆசைப்பட்ட இடம் அதுதான். பார்த்து முடித்த பிறகுதான் அங்கே போக மாட்டேன் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். பெரிய விசிறி ஃபோனில் கத்தினார். கொஞ்சம் கழித்து, "நானும் ஒருநாள் இப்படிச் சொல்லியிருக்கணும்யா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஊரில் இருந்தபடி மற்றவர்கள் அனுப்பும் தரவைச் சரிபார்க்கும் வேலை ஒன்று கேட்டிருக்கிறேன். கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டால் மச்சான் கடையில் குளிர்பெட்டி தூக்க ஒரு ஆள் வேண்டியிருக்கும். முதுகைப் பற்றி அவனிடம் சொல்லாதே.

இதை எழுதினால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். நிம்மதி வரவில்லை, அசதிதான் வருகிறது. பரவாயில்லை.

அடுத்த லாரியில் கிளம்புகிறேன். இந்தக் கடிதமும் நானும் ஒரே வண்டியில்தான் வருவோம், தபால்நிலையம்வரை. முகாம் கணக்கை ஒப்படைக்க நான் அங்கே சில நாள் தங்க வேண்டும், அதனால் இது எனக்கு முன்னால் வந்து சேரும். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். நம் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவேன். நீயே வந்து திறக்க வேண்டும் என்பதில்லை. மனசில்லாவிட்டால் திறக்கவே வேண்டாம். நான் வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். இருட்டினாலும், விடிந்தாலும், அங்கேதான் இருப்பேன்.